ழான்-பியேர் மெல்வில்

ழான்-பியேர் மெல்வில் (அக்டோபர் 20, 1917 – ஆகஸ்டு 2, 1973) பிரான்சு நாட்டைச் சேர்ந்த திரைப்பட இயக்குனரும் தயாரிப்பாளரும் திரைக்கதை ஆசிரியரும் ஆவார். இவரது இயற்பெயர் ழான்-பியேர் குரும்பாக். குற்றவுலகைக் களமாகக் கொண்ட பிரெஞ்சு நுவார் திரைப்படத்திற்குத் தனித்த வடிவம் அளித்தவராக இவர் கருதப்படுகிறார். 1949 முதல் 1972 வரை வெளிவந்த 13 முழுநீளத் திரைப்படங்களை இவர் இயக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது நாட்சி செருமனியின் ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தலைமறைவாக இயங்கிய பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தில் பணியாற்றியவர். அக்காலத்தில் சூடிக்கொண்ட மறைவுப் பெயரையே போருக்குப் பின்னரும் தம் பெயராக வைத்துக்கொண்டார். மௌனம், நம்பிக்கை, காட்டிக்கொடுத்தல் ஆகியவை இவரது குற்றப் படங்களிலும் போர்க்காலப் படங்களிலும் ஒரே வகையில் இடம்பெறுகின்றன.

நுவார் திரைப்படம்

நுவார் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கறுப்பு என்பது பொருள். 1945ஆம் ஆண்டு காலிமார் பதிப்பகம் மார்செல் துவாமெல் என்பவரின் பொறுப்பில் கறுப்பு வரிசை என்ற பெயரில் குற்றப் புதினங்களை வெளியிடத் தொடங்கியது. ஆக்கிரமிப்புக் காலத்தில் பிரான்சில் தடை செய்யப்பட்டிருந்த அமெரிக்கத் திரைப்படங்கள் 1946இல் ஒரே வேளையில் பாரிசின் திரையரங்குகளுக்கு வந்தன. அவற்றுள் இருண்ட மனநிலை கொண்ட குற்றப் படங்களைக் குறிக்க நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அவ்வாண்டில் நுவார் என்ற சொல்லைப் பயன்படுத்தினார்.

எனினும் இவ்வகைப் படங்களுக்கான வேர்கள் பிரான்சிலும் இருந்தன. ழுலியான் துவிவியே இயக்கிய ‘பெப்பே லு மொக்கோ’ (1937), மார்செல் கார்னே இயக்கிய ‘மூடுபனித் துறை’ (1938) ஆகியவை தப்ப வழியற்ற மனிதர்களின் கதைகளைக் கூறின. இரண்டிலும் முதன்மை வேடத்தில் நடித்தவர் ழான் கபான். போருக்குப் பின் ழாக் பெக்கெர் இயக்கிய ‘துஷே பா ஓ கிரிஸ்பி’ (1954), ஜூல்ஸ் டாசின் இயக்கிய ‘ரிஃபிஃபி’ (1955) ஆகியவை பாரிசின் குற்றவுலகைத் திரைக்குக் கொண்டு வந்தன. மெல்வில் இந்த மரபில் வந்தவர். அமெரிக்கக் குற்றப் படங்களின் தொப்பி, மழை அங்கி, இரவு விடுதி, பெரிய மகிழுந்து ஆகியவற்றை அவர் எடுத்துக்கொண்டார். ஆனால் அவற்றின் உள்ளே வைத்த அனுபவம் ஆக்கிரமிக்கப்பட்ட பிரான்சின் அனுபவம் ஆகும்.

பிறப்பும் இளமையும்

மெல்வில் அல்சாசு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட யூதக் குடும்பத்தில் பாரிசில் பிறந்தார். தந்தை வணிகர். சிறு வயதிலேயே வீட்டாரிடமிருந்து பாத்தே நிறுவனத்தின் சிறிய திரைப்படக் கருவி ஒன்றைப் பரிசாகப் பெற்றார். ஆயினும் படம் எடுப்பதைவிடப் படம் பார்ப்பதிலேயே அவருக்கு ஈடுபாடு மிகுந்திருந்தது. 1930களின் அமெரிக்கப் படங்களை இடைவிடாது பார்த்து வளர்ந்தார். திரைப்படப் பள்ளி எதிலும் அவர் பயிலவில்லை. இயக்குனர் எவரிடமும் உதவியாளராக இருந்து தொழில் கற்கவும் இல்லை.

போர்க்காலம்

1937ஆம் ஆண்டு கட்டாய இராணுவச் சேவையில் சேர்ந்தார். சேவை முடியும் முன்னரே போர் தொடங்கியது. 1940இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்ட படையினருள் இவரும் ஒருவர். பிரான்சு சரணடைந்த பின்னர், நாட்டின் தென்பகுதியில் எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்து இயங்கினார். அவ்வியக்கத்தில் இயற்பெயரைப் பயன்படுத்துவது தமக்கும் பிறருக்கும் ஆபத்தாகும். யூதர் ஒருவருக்கு அந்த ஆபத்து இரு மடங்கு. எனவே, தாம் பெரிதும் விரும்பிப் படித்த அமெரிக்க எழுத்தாளர் ஏர்மன் மெல்வில்லின் பெயரைத் தம் மறைவுப் பெயராகக் கொண்டார்.

இவருடைய அண்ணன் ழாக் குரும்பாக் சோசலிசக் கட்சியைச் சேர்ந்தவர், இதழாளர். அவரும் எதிர்ப்பியக்கத்தில் இருந்தார். 1942ஆம் ஆண்டின் இறுதியில் பிரெனே மலைகளைக் கடந்து எசுப்பானியாவிற்குள் செல்ல முயன்றபோது, வழிகாட்டியாக உடன் வந்தவரே அவரைச் சுட்டுக் கொன்றார். இச்செய்தி போருக்குப் பின்னரே வெளிவந்தது. வழக்கு நடைபெற்றது, 1953இல் அந்த வழிகாட்டி விடுவிக்கப்பட்டார்.

ழான்-பியேர் மெல்வில் பிரான்சிலிருந்து தப்பிச் சென்று, தெ கோலின் தலைமையிலான சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1944இல் இத்தாலியில் நடந்த போரிலும், பின்னர் தென் பிரான்சை மீட்ட படையெடுப்பிலும் பங்கு கொண்டார்.

முதல் திரைப்படம்

போர் முடிந்ததும் திரைப்படத் துறையில் நுழைய மெல்வில் முயன்றார். அக்காலத்தில் தொழிற்சங்க அட்டை இல்லாதவர் பிரான்சில் படம் எடுப்பது அரிது. அட்டை கிடைக்காத நிலையில் அவர் தமக்கென ஒரு தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 1946இல் கோமாளி ஒருவரின் ஒரு நாள் வாழ்வைப் பற்றிய குறும்படம் ஒன்றை எடுத்தார்.

முதல் முழுநீளப் படத்திற்கு அவர் தேர்ந்தெடுத்த நூல் வெர்கோர் எழுதிய ‘கடலின் மௌனம்’. வெர்கோர் என்பதும் மறைவுப் பெயரே ஆகும். அவரது இயற்பெயர் ழான் புரூலேர். இந்நூல் 1942இல் ஆக்கிரமிப்பின் நடுவே இரகசியமாக அச்சிடப்பட்டு வெளிவந்தது. ஒரு முதியவரும் அவருடைய உடன்பிறந்தார் மகளும் வசிக்கும் வீட்டில் செருமானிய அதிகாரி ஒருவர் தங்க வைக்கப்படுகிறார். அவர் பண்பானவர், பிரெஞ்சுப் பண்பாட்டை நேசிப்பவர். மாலைதோறும் அவர் அவர்களிடம் பேசுகிறார். அவர்கள் இருவரும் ஒரு சொல்லும் மறுமொழி கூறுவதில்லை. அந்த மௌனமே அவர்களின் எதிர்ப்பு.

எதிர்ப்பியக்கத்தின் அடையாளமாக விளங்கிய அந்நூலைப் படமாக்க வெர்கோர் முதலில் இசையவில்லை. முடிந்த படத்தை எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்தோர் அடங்கிய குழுவின் முன் வைப்பதாகவும், அவர்கள் ஏற்காவிடில் படச்சுருளை எரித்துவிடுவதாகவும் மெல்வில் உறுதியளித்தார். படப்பிடிப்பு வெர்கோரின் சொந்த வீட்டிலேயே நடைபெற்றது. பணம் கிடைக்கும்போது மட்டும் படம் பிடிக்க முடிந்ததால், 27 நாட்களுக்கான வேலை பல மாதங்களில் நிறைவேறியது. வெவ்வேறு வகையான எச்சப் படச்சுருள்களே கையில் இருந்தன. ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்காயேவுக்கும் இதுவே முதல் முழுநீளக் கதைப்படம். 24 பேர் கொண்ட குழு படத்தைப் பார்த்து இசைவளித்தது. 1949இல் படம் வெளியாகி வெற்றி பெற்றது.

இப்படத்தைக் கண்ட எழுத்தாளர் ழான் கொக்தோ தம்முடைய புதினமான ‘லேஸான்ஃபான் தெரீபிள்’ என்பதைப் படமாக்கும் பொறுப்பை மெல்வில்லிடம் ஒப்படைத்தார். அப்படம் 1950இல் வெளிவந்தது.

ழென்னர் தெரு படப்பிடிப்பு நிலையம்

1950களில் பாரிசின் 13ஆம் வட்டாரத்தில் ழென்னர் தெருவில் மெல்வில் தமக்கென ஒரு படப்பிடிப்பு நிலையத்தை அமைத்தார். இயக்குனர் ஒருவர் சொந்தமாக நிலையம் வைத்திருப்பது அன்றைய பிரான்சில் அரிய செயலாகும். நிலையத்தின் மேல்மாடியிலேயே அவர் குடியிருந்தார். இரவில் எழுதுவதும், கீழே இறங்கி வந்து அரங்குகளைத் திருத்தி அமைப்பதும் அவருடைய வாழ்க்கை முறையாயின. வெளியே செல்லும்போது அகன்ற அமெரிக்கத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிவார். இவ்விரண்டும் பின்னாளில் அவருடைய அடையாளங்களாயின.

சூதாடி பாப்பும் புதிய அலையும்

1956இல் வெளிவந்த ‘பாப் லு ஃபிளாம்பர்’ (சூதாடி பாப்) மெல்வில்லின் முதல் குற்றப் படமாகும். முன்னாள் கொள்ளையரும் தீராத சூதாடியுமான பாப், தெவீல் நகரின் சூதாட்ட மனையைக் கொள்ளையிடத் திட்டமிடுகிறார். குறித்த இரவில் அம்மனையிலேயே ஆடத் தொடங்கி, என்றுமில்லாத அளவு வென்றுகொண்டே போய், கொள்ளைக்குக் குறித்த நேரத்தை மறந்துவிடுகிறார். மொன்மார்த், பிகால் பகுதிகளின் உண்மைத் தெருக்களில், விடியற்காலை வெளிச்சத்தில் தெக்காயே எடுத்த காட்சிகள் இப்படத்தின் சிறப்பு.

பெரிய நிறுவனங்களின் துணையின்றி, குறைந்த செலவில், தெருவில் இறங்கிப் படம் எடுக்க முடியும் என்பதை இப்படம் காட்டியது. சில ஆண்டுகளில் தோன்றிய புதிய அலை இயக்குனர்கள் மெல்வில்லைத் தங்கள் முன்னோடியாகக் கண்டனர். ழான்-லுக் கோதார் தமது ‘மூச்சுத் திணற’ (1960) என்னும் படத்தில் அவரை ஒரு புகழ்பெற்ற எழுத்தாளராக நடிக்க வைத்தார். தெக்காயே புதிய அலையின் முக்கிய ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரானார். ஆயினும் மெல்வில் அவ்வியக்கத்துடன் நீண்ட நாள் இணைந்திருக்கவில்லை. திட்டமிட்ட கதையமைப்பையும் புகழ் வாய்ந்த நடிகர்களையும் பரவலான பார்வையாளர்களையும் அவர் நாடினார்.

காட்டிக்கொடுத்தல் என்னும் கரு

1961இல் வெளிவந்த ‘பாதிரியார் லெயோன் மொரான்’ ஆக்கிரமிப்புக் காலத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்வது. ழான்-பால் பெல்மொண்டோ பாதிரியாராகவும் எம்மானுவேல் ரிவா இறைநம்பிக்கையற்ற இளம் கைம்பெண்ணாகவும் நடித்தனர். இதன் பின்னர் மெல்வில் பெரும்பாலும் குற்றப் படங்களையே எடுத்தார்.

‘லு தூலோஸ்’ (1962) என்ற தலைப்புச் சொல் குற்றவுலகப் பேச்சில் தொப்பியைக் குறிக்கும். காவல்துறைக்குத் தகவல் கொடுப்பவரையும் அதே சொல் குறிக்கும். பெல்மொண்டோ ஏற்ற பாத்திரம் நண்பனைக் காட்டிக்கொடுத்தவனா, காப்பாற்ற முயன்றவனா என்பது இறுதிவரை பார்வையாளருக்குத் தெளிவாவதில்லை. காவல் அதிகாரி அவனை விசாரிக்கும் காட்சி ஒன்பது நிமிடத்திற்கும் மேலாக வெட்டின்றி ஒரே ஓட்டமாகப் படமாக்கப்பட்டது.

ஜோசே ஜொவானியின் புதினத்தைத் தழுவிய ‘இரண்டாம் மூச்சு’ (1966) என்னும் படத்தில் லீனோ வெந்தூரா சிறையிலிருந்து தப்பிய கொள்ளையராக நடித்தார். காவல்துறையினர் சூழ்ச்சியால் அவரைப் பேசவைத்துக் கூட்டாளியின் பெயரை வெளிக்கொணர்கின்றனர். அதன்பின் அவர் தப்பி வாழ வழி தேடவில்லை. தாம் காட்டிக்கொடுத்தவர் அல்லர் என்பதை நிலைநாட்டுவதற்காகவே உயிரைப் பணயம் வைக்கிறார். தலைமறைவு இயக்கத்தில் இருப்பவரின் பேரச்சமும் இதுவே. அத்தகையோர் பிடிபடுவதைக் காட்டிலும், பிடிபட்டபின் பெயர்களைச் சொல்லிவிடுவோமோ என்பதற்கே அஞ்சினர்.

லு சாமுராய்

1967இல் வெளிவந்த ‘லு சாமுராய்’ மெல்வில்லின் மிகப் புகழ் பெற்ற படமாகும். அலன் தெலோன் இதில் ழெஃப் கொஸ்தெல்லோ என்னும் கூலிக் கொலையாளியாக நடித்தார். சாம்பல் நிறச் சுவர்கள் கொண்ட அறையில் கூண்டுப் பறவை ஒன்றுடன் தனியே வாழ்பவர் கொஸ்தெல்லோ. படத்தின் முதல் பத்து நிமிடங்களுக்கு ஏறக்குறைய பேச்சே இல்லை. அவர் எழுகிறார், மழை அங்கி அணிகிறார், தொப்பியின் விளிம்பைச் சரிசெய்கிறார், ஒரு மகிழுந்தைத் திருடுகிறார். அவர் யார் என்பதைச் செயல்களின் ஒழுங்கே உணர்த்துகிறது. வண்ணப் படமாயினும், கறுப்பு வெள்ளைக்கு அருகில் வரும்படி நிறங்கள் வெளுத்த நீலமாகவும் சாம்பலாகவும் மட்டுப்படுத்தப்பட்டன. தொடக்கத்தில் ஜப்பானியப் போர்வீரர் நெறி நூலிலிருந்து எடுத்ததாகக் காட்டப்படும் வாசகம் மெல்வில்லே இயற்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

இப்படத்தின் தயாரிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1967 ஜூன் 29 அன்று ழென்னர் தெரு நிலையம் தீக்கிரையானது. அரங்குகளுடன், மேல்மாடியில் இருந்த அவரது வீடும், அங்கே வைத்திருந்த திரைக்கதைகளும் அழிந்தன. எஞ்சிய காட்சிகள் வேறிடத்தில் எடுக்கப்பட்டு, படம் அவ்வாண்டு அக்டோபரில் வெளியானது. அதன் பின்னர் மெல்வில் பிறருடைய நிலையங்களிலேயே பணியாற்ற வேண்டியிருந்தது.

நிழல்களின் படை

எதிர்ப்பியக்கத்தைப் பற்றிய ஜோசப் கெஸ்ஸெலின் நூல் 1943இல் வெளிவந்தது. அதைப் போர்க்காலத்திலேயே படித்த மெல்வில், ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து ‘லார்மே தே ஸோம்பர்’ (நிழல்களின் படை, 1969) என்ற பெயரில் படமாக்கினார். லீனோ வெந்தூரா, சிமோன் சின்யோரே, பால் மெரிஸ், ழான்-பியேர் கசெல் ஆகியோர் நடித்தனர். பியேர் லோம் ஒளிப்பதிவு செய்தார்.

இப்படத்தில் வீரச்செயல்கள் குறைவு. பாலங்கள் தகர்க்கப்படுவதில்லை. மாறாக, தலைமறைவு வாழ்வின் காத்திருப்பும் ஐயமும் தனிமையும் காட்டப்படுகின்றன. தங்களைக் காட்டிக்கொடுத்த இளைஞன் ஒருவனைக் கொல்ல இயக்கத்தினர் ஒரு வீட்டிற்குக் கொண்டு வருகின்றனர். அடுத்த வீட்டில் ஆட்கள் இருப்பதால் துப்பாக்கியைப் பயன்படுத்த முடியாது. ஒரு துண்டினால் கழுத்தை நெரித்துக் கொல்கின்றனர். அவர்களுள் எவருக்கும் அதற்கு முன் அத்தகைய பழக்கம் இல்லை. இறுதியில், பலரைக் காப்பாற்றிய மத்தில்த் என்னும் பெண் கைதாகிறார். மகளின் நிழற்படம் அவரிடம் இருந்ததால், மகளைக் கொண்டு செருமானியர் அவரை மிரட்டுகின்றனர். அவரை மதித்த தோழர்களே தெருவில் அவரைச் சுட்டுக் கொல்கின்றனர். குற்றப் படங்களில் கொள்ளையர்கள் பின்பற்றிய அதே விதிகள் இங்கு மனிதநேயம் மிக்கவர்களின் விதிகளாக வருகின்றன. அந்த விதிகள் எவ்வளவு கொடிய விலையைக் கேட்கக்கூடியவை என்பதை இப்படம் மறைக்கவில்லை.

படம் வெளிவந்த காலம் இதற்குச் சாதகமாக அமையவில்லை. 1968 மே மாத மாணவர் கிளர்ச்சிக்குப் பின் தெ கோல் மீது இளைஞரிடையே எதிர்ப்பு மிகுந்திருந்தது. 1969 ஏப்ரலில் அவர் பதவி விலகினார். செப்டம்பரில் வெளியான இப்படத்தில் தெ கோல் இலண்டனில் விருது வழங்கும் காட்சி உண்டு. இதனால் காகியே து சினிமா இதழைச் சேர்ந்த விமர்சகர்கள் படத்தைத் தெ கோலின் புகழ்பாடும் படைப்பு எனக் கருதி ஒதுக்கினர். அமெரிக்காவில் படம் அப்போது வெளியிடப்படவில்லை. பியேர் லோமின் மேற்பார்வையில் சீரமைக்கப்பட்ட படி 2006இல் அங்கு முதன்முறையாகத் திரையிடப்பட்டது. நியூயோர்க் திரைப்பட விமர்சகர் வட்டம் அதனை அவ்வாண்டின் சிறந்த வெளிநாட்டுப் படமாகத் தேர்ந்தெடுத்தது. அப்போது மெல்வில் மறைந்து 33 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இறுதிப் படங்களும் மறைவும்

‘லு செர்க்கிள் ரூஜ்’ (சிவப்பு வட்டம், 1970) வணிக அளவில் மெல்வில்லின் மிகப் பெரிய வெற்றியாகும். பிரான்சில் 40 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இதனைத் திரையரங்குகளில் பார்த்தனர். சிறையிலிருந்து விடுதலையானவர், தொடர்வண்டியிலிருந்து தப்பிய கைதி, மதுவுக்கு அடிமையான முன்னாள் காவலர் ஆகிய மூவர் சேர்ந்து வாந்தோம் சதுக்கத்தின் நகைக்கடை ஒன்றைக் கொள்ளையிடுகின்றனர். அலன் தெலோன், ஜான் மரியா வொலோந்தே, இவ் மோந்தான் ஆகியோர் இப்பாத்திரங்களில் நடித்தனர். கொள்ளைக் காட்சி ஏறத்தாழ 25 நிமிடங்கள் பேச்சின்றி நீள்கிறது. நகைச்சுவை நடிகராக அறியப்பட்ட பூர்வில் இதில் காவல் அதிகாரியாக நடித்தார். படம் வெளியாகும் முன்னரே, 1970 செப்டம்பரில் அவர் காலமானார்.

1972இல் வெளிவந்த ‘அன் ஃபிளிக்’ (ஒரு காவலர்) இவரது இறுதிப் படமாகும். தெலோன் இம்முறை காவல் அதிகாரியாக நடித்தார். ரிச்சர்ட் கிரென்னா, கத்ரீன் தெனேவ் ஆகியோர் உடன் நடித்தனர். முந்தைய படத்தின் வரவேற்பு இதற்குக் கிடைக்கவில்லை.

1973 ஆகஸ்டு 2 அன்று பாரிசில் எழுத்தாளர் பிலிப் லப்ரோவுடன் இரவு உணவு அருந்திக்கொண்டிருந்தபோது மெல்வில் திடீரென மயங்கி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 55.

திரைப்பட நடை

மெல்வில்லின் படங்களைப் புதிதாகப் பார்ப்போருக்கு அவை மெதுவாகச் செல்வதாகத் தோன்றலாம். ஒரு கதவைத் திறப்பது, ஒரு படிக்கட்டில் ஏறுவது, ஒரு கருவியைப் பொருத்துவது போன்ற செயல்கள் அவற்றுக்குத் தேவையான முழு நேரத்துடன் காட்டப்படுகின்றன. பாத்திரங்கள் தம் உணர்ச்சிகளை விளக்குவதில்லை. எனவே ஒரு பார்வை, ஒரு தயக்கம், கைகளின் அசைவு ஆகியவற்றிலிருந்தே பார்வையாளர் செய்தியைப் பெற வேண்டியுள்ளது. உரையாடலை மட்டும் பின்தொடர்பவர் கதையின் பெரும்பகுதியை இழக்க நேரிடும்.

இவரது பாத்திரங்கள் பெரும்பாலும் தோல்வியிலேயே முடிகின்றன. ஆனால் அவர்கள் வெல்வார்களா என்பதைவிட, கொடுத்த சொல்லைக் காப்பார்களா என்பதே இப்படங்களின் கேள்வியாக அமைகிறது. பெண் பாத்திரங்கள் பல படங்களில் ஓரமாகவே இடம்பெறுகின்றன என்பது இவர் மீது கூறப்படும் குறைகளுள் ஒன்று. மத்தில்த் பாத்திரமும், ‘பாதிரியார் லெயோன் மொரான்’ படத்தின் நாயகியும் இதற்கு விதிவிலக்குகள்.

தாக்கம்

மெல்வில்லின் தாக்கம் பிரான்சுக்கு வெளியேயும் பரவியது. ஹொங்கொங் இயக்குனர் ஜான் வூ தம் முன்மாதிரிகளுள் ஒருவராக இவரைக் குறிப்பிட்டுள்ளார்; வூவின் ‘தி கில்லர்’ (1989) ‘லு சாமுராய்’ படத்தின் சாயல் கொண்டது. அமெரிக்க இயக்குனர் ஜிம் ஜார்முஷின் ‘கோஸ்ட் டாக்’ (1999) தனித்து வாழும் கொலையாளி, போர்வீரர் நெறி, பறவைகள் ஆகிய கூறுகளை அதே படத்திலிருந்து எடுத்தாண்டது. ஹொங்கொங் இயக்குனர் ஜானி டோ தமது ‘வெஞ்சன்ஸ்’ (2009) படத்தின் நாயகனுக்குக் கொஸ்தெல்லோ என்றே பெயரிட்டார்.

இயக்கிய முழுநீளத் திரைப்படங்கள்

1949 – லு சிலான்ஸ் து லா மேர் (கடலின் மௌனம்)
1950 – லேஸான்ஃபான் தெரீபிள்
1953 – கான் து லீரா செத் லெத்ர் (இக்கடிதத்தை நீ படிக்கும்போது)
1956 – பாப் லு ஃபிளாம்பர் (சூதாடி பாப்)
1959 – தெஸோம் தான் மன்ஹாட்டன் (மன்ஹாட்டனில் இருவர்)
1961 – லெயோன் மொரான், பிரேத்ர் (பாதிரியார் லெயோன் மொரான்)
1962 – லு தூலோஸ்
1963 – லேனே தே ஃபெர்ஷோ (ஃபெர்ஷோ குடும்பத்தின் மூத்தவர்)
1966 – லு தெசியேம் சூஃபிள் (இரண்டாம் மூச்சு)
1967 – லு சாமுராய்
1969 – லார்மே தே ஸோம்பர் (நிழல்களின் படை)
1970 – லு செர்க்கிள் ரூஜ் (சிவப்பு வட்டம்)
1972 – அன் ஃபிளிக் (ஒரு காவலர்)